'கெட்' வந்தால் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவர்களை ஐந்து நிமிடம் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும்: பெரிய பெரிய வார்த்தை எதுவும் அவர்கள் வாயில் வருவதில்லை. கெட், டேக், புட், கோ என்று எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த சொற்களை வைத்தே நாள் முழுக்க ஓட்டிவிடுகிறார்கள். நாம்தான் 'அப்டெய்ன்', 'பர்ச்சேஸ்' என்று தேடித் தேடி நடுவில் திணறுகிறோம். அகராதியில் 'கெட்' என்ற சொல்லைப் பார்த்தால் பெறு, வாங்கு, அடை, ஆகு, புரிந்துகொள், கொண்டுவா, செய்யவை என்று பக்கம் நீளும். அதை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள், வீண் வேலை. கெட் தனியாக நின்றால் அதற்கு ஏறக்குறைய அர்த்தமே கிடையாது, அடுத்து வருகிற சொல்தான் அதற்கு அர்த்தம் தருகிறது. அடுத்து வருவது பொருளா, நிலையா, இடமா, ஆளா என்று பார்க்கப் பழகினால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதலில் பொருள். (காட் என்பது கெட்டின் இறந்தகால வடிவம்.) "ஐ காட் எ ஜாப்" என்றால் எனக்கு வேலை கிடைத்தது. "ஐ காட் எ கால்" என்றால் எனக்கு ஃபோன் வந்தது. "ஐ காட் எ கோல்ட்" என்றால் எனக்குச் சளி பிடித்தது. தமிழில் கிடைத்தது, வந்தது, பிடித்தது என்று மூன்று வினை, அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே காட். அதைவிட முக்கியம், தமிழில் 'எனக்கு' என்று ஓரமாக நிற்கும் ஆள் ஆங்கிலத்தில் 'ஐ' என்று எழுவாயாகி முன்னால் வந்துவிடுகிறார். இது பழகாததால்தான் நம் ஆட்கள் "ஒன் கால் கேம் ஃபார் மீ" என்கிறார்கள். ஆகவே மனதுக்குள் ஓடும் தமிழ் வாக்கியம் 'எனக்கு' என்று தொடங்கி கிடைத்தது, வந்தது என்று முடிந்தால், உடனே 'எனக்கு' என்பதை 'ஐ' ஆக்கி காட் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக உட்காரும். ('எனக்கு இட்லி பிடிக்கும்' மாதிரி விருப்பத்தைச் சொல்லும் வாக்கியங்களை மட்டும் விட்டுவிடுங்கள், அது லைக்.)

வாங்கி வருவதும் எடுத்து வருவதும் இதே வகைதான். "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்பதை "கெட் சம் மில்க் ஆன் யுவர் வே ஹோம்" என்று சொல்லிவிடலாம், வாங்கு என்பதற்கான 'பை' கூட வேண்டாம், கொண்டுவா என்பதற்கான 'பிரிங்' கூட வேண்டாம். ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள். "கேன் ஐ கெட் எ காபி?" என்றால் எனக்கு ஒரு காபி கிடைக்குமா. "கேன் ஐ கெட் யூ எ காபி?" என்றால் உங்களுக்குக் காபி கொண்டு வரட்டுமா. நடுவில் ஒரு 'யூ' வந்ததும் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் இடம் மாறிவிடுகிறார்கள். கடையில் காபி கேட்பதற்கு முதல் வாக்கியம் அமெரிக்காவில் சாதாரணமாகக் காதில் விழும். பிரிட்டனில் பழைய தலைமுறை ஆட்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, "கேன் ஐ ஹேவ் எ காபி?" என்றுதான் கேட்க வேண்டும் என்பார்கள்.

அடுத்தது நிலை. கெட் பக்கத்தில் ஆங்க்ரி, டயர்ட், கோல்ட், பெட்டர் மாதிரி ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால் அதற்கு 'ஆகு' என்று அர்த்தம். இங்கே கவனிக்க வேண்டியது ஆம், இஸ், ஆர் கூட்டத்துக்கும் கெட் என்பதற்கும் உள்ள வித்தியாசம். "ஐ ஆம் ஹங்க்ரி" என்றால் பசிக்கிறது, இப்போதைய நிலை. "ஐ ஆம் கெட்டிங் ஹங்க்ரி" என்றால் பசிக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் அரைமணியில் சாப்பாடு வேண்டும். கல்யாண விஷயத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். "ஐ ஆம் மேரிட்" என்பது நான் கல்யாணமானவன் என்ற தகவல். கல்யாணம் நடந்த நாளைச் சொல்லும்போது "ஐ காட் மேரிட் இன் 2015" என்றுதான் வர வேண்டும். "ஐ ஆம் மேரிட் இன் 2015" என்று பலர் சொல்கிறார்கள், அங்கே ஆம் நிகழ்காலத்தில் நிற்க 2015 கடந்த காலத்தில் நிற்கிறது, இரண்டும் ஒட்டாது. யாரோடு என்று சொல்ல வேண்டுமானால் டு போடுங்கள். "ஷி காட் மேரிட் டு எ டீச்சர்" என்றால் ஆசிரியர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். 'கூட' என்று தமிழில் நினைத்து வித் போட்டுவிட வேண்டாம்.

நேரமாகிற விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். "எனக்கு லேட் ஆகுது" என்பதை அப்படியே தூக்கி "ஐ ஆம் கெட்டிங் லேட்" என்கிறோம். இந்தியா முழுக்க இது ஓடுகிறது, இங்கே எல்லோருக்கும் புரியும். ஆனால் வெளிநாட்டில் அப்படிப் பேசமாட்டார்கள், நேரம்தான் லேட் ஆகும், ஆள் ஆகமாட்டார்: "இட்ஸ் கெட்டிங் லேட்". உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் "ஐம் ரன்னிங் லேட்". "ஐ ஆம் கெட்டிங் எ டவுட்" என்பதும் இதே கதைதான். கேள்வி கேட்க வேண்டுமென்றால் "ஐ ஹேவ் எ கொஸ்டின்" போதும். டவுட் என்றதும் அவர்களுக்குச் சந்தேகக் கண் என்கிற அர்த்தம்தான் முதலில் தோன்றும்.

எல்லா 'ஆகு'வுக்கும் கெட் பொருந்திவிடாது. டாக்டர் ஆனாள் என்பது "ஷி பிகேம் எ டாக்டர்". "ஷி காட் எ டாக்டர்" என்றால் ஓடிப்போய் ஒரு டாக்டரைக் கூட்டிவந்தாள் என்று ஆகிவிடும், பக்கத்தில் இருப்பது நிலையைச் சொல்லும் சொல் இல்லையே, ஆளாயிற்றே. அப்புறம் சாப்பாட்டுப் பொருள் வீணாவதற்கு கோ போடுவார்கள்: "த மில்க் வென்ட் பேட்". தமிழில்தான் பால் 'கெட்'டுப்போகும்.

மூன்றாவது இடம். கெட் பக்கத்தில் ஊர், வீடு, ஆபீஸ் வந்தால் 'போய்ச் சேர்' என்று அர்த்தம். "ஐ காட் டு த ஆஃபீஸ் அட் நைன்." நடுவில் டு வேண்டும். ஆனால் ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் அந்த டு வரவே கூடாது. 'வீட்டுக்கு' என்பதில் நமக்கு ஒரு 'க்கு' இருப்பதால் கை தானாக டு போட்டுவிடும், அதைத் தட்டிவிட வேண்டும்: "ஐ காட் ஹோம் அட் எய்ட்". நம் ஊரில் ஊருக்குக் கிளம்புகிற யாரையும் "போய்ச் சேர்ந்ததும் ஒரு ஃபோன் பண்ணு" என்று சொல்லாமல் அனுப்பமாட்டோம், அதை ஆங்கிலத்தில் "ஆஃப்டர் ரீச்சிங், கால் மீ" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. "கால் மீ வென் யூ கெட் தேர்" என்பதுதான் அவர்கள் பேச்சு. "ஹேவ் யூ ரீச்ட்?" என்று கேட்கும் இடத்தில் "டிட் யூ கெட் ஹோம் ஓகே?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சின் தோரணையே மாறிவிடும்.

வண்டியில் ஏறி இறங்குவதற்கும் கெட்தான், ஆனால் ஆன், இன் குழப்பம் அங்கே காத்திருக்கிறது. உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டியா என்று பாருங்கள். பஸ், ரயில், விமானம், கப்பல் என்றால் ஏற கெட் ஆன், இறங்க கெட் ஆஃப். குனிந்து உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் கார், ஆட்டோ, டாக்ஸி என்றால் கெட் இன், கெட் அவுட் ஆஃப். பைக், சைக்கிள், குதிரைக்கு மேலே ஏறி உட்காருகிறோம் என்பதால் மறுபடியும் ஆன், ஆஃப். நாம் எல்லாவற்றுக்கும் கெட் டவுன் என்கிறோம். வெளிநாட்டுக்காரர் காதுக்கு அது மரத்தில் இருந்தோ மதில் மேலிருந்தோ இறங்கச் சொல்வது போல இருக்கும், சில நேரம் குனிந்து படு என்று எச்சரிப்பது போலவும் இருக்கும். அதற்காக சென்னை பஸ்ஸில் "நெக்ஸ்ட் ஸ்டாப் கெட் டவுன்" என்கிறவரைத் திருத்தப் போகாதீர்கள். இங்கே அது புழங்குகிற ஆங்கிலம், புரிகிறது, வேலை நடக்கிறது. லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும்போது மாற்றிக்கொண்டால் சரி.

இப்போது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். தமிழில் தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்: செய்தான், செய்வித்தான். ஆனால் அன்றாடப் பேச்சில் அந்தப் பிறவினையை நாம் சட்டை செய்வதே இல்லை. சலூனுக்குப் போய்விட்டு வந்து "முடி வெட்டினேன்" என்கிறோம், வெட்டியவர் வேறொருவர். "வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சோம்" என்கிறோம், பிரஷ் பிடித்தவர் வேறொருவர். "பாப்பாவுக்குக் காது குத்தினோம்" என்கிறோம், குத்தியவர் ஆசாரி, நாம் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்ததோடு சரி. இதை அப்படியே "வி பியர்ஸ்ட் ஹெர் இயர்ஸ்" என்று சொன்னால் நீங்களே ஊசியை எடுத்துக் குழந்தையின் காதில் குத்தியதாக எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் வேலையைச் செய்தவர் வேறு என்றால் அதைக் காட்டியே ஆக வேண்டும், அதற்குத்தான் கெட்: "வி காட் ஹெர் இயர்ஸ் பியர்ஸ்ட்." "ஐ காட் மை ஹேர் கட்." "வி காட் த ஹவுஸ் பெயின்டட்." வரிசையைப் பாருங்கள், கெட், அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். "டெய்லர்கிட்ட ரெண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்து வாங்கினேன் அக்கா" என்கிற நீளமான சமாச்சாரம் "ஐ காட் டூ பிளவுசஸ் ஸ்டிச்ட்" என்று சுருங்கிவிடுகிறது.

இதுவே பொருளுக்குப் பதில் ஆள் வந்தால் அமைப்பு மாறும். கெட், ஆள், டு, வினை. "ஐ காட் ஹெர் டு ஈட்" என்றால் அவளைச் சாப்பிட வைத்தேன். தமிழில் 'வை' என்ற ஒன்றே கெஞ்சிச் செய்ய வைப்பதற்கும் வரும், மிரட்டிச் செய்ய வைப்பதற்கும் வரும். ஆங்கிலத்தில் அது இரண்டாகப் பிரியும். நிலாவைக் காட்டி, காக்காவைக் கூப்பிட்டு, கடைசி வாய் யானைக்கு என்று கதை சொல்லி ஊட்டினால் காட். கண்ணை உருட்டி ஊட்டினால் "ஐ மேட் ஹெர் ஈட்", அங்கே டு கிடையாது. கெட் போட்டால் டு வேண்டும், மேக் போட்டால் டு கூடாது. இது மட்டும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பரீட்சைகளில் அடிக்கடி கேட்கிற இடம் இதுதான்.

யாராலோ நமக்கு ஏதோ ஒன்று நடந்துவிடுகிறது என்றாலும் கெட் வரும். "மை ஃபோன் காட் ஸ்டோலன்", ஃபோன் திருடு போய்விட்டது. "ஹி காட் காட்", இதில் முதல் காட் நம் காட், இரண்டாவது 'கேட்ச்' என்பதிலிருந்து வந்து பிடிபட்டதைச் சொல்லும் காட், ஆக மாட்டிக்கொண்டான். நம் செயப்பாட்டு வினை பேச்சில் 'படு', 'போ' என்று வருவதை நினைத்தால் இது எளிதில் பிடிபடும்: அடிபட்டது, தொலைந்து போனது, உடைந்து போனது. இந்த மாதிரி கெட் பெரும்பாலும் கெட்ட செய்திக்கோ எதிர்பாராத நல்ல செய்திக்கோ வரும், "ஷி காட் புரமோட்டட்" என்பது போல. 'தொலைந்து போ' என்பதில் இரண்டு மொழியும் கைகோத்துக்கொள்கின்றன. "வி காட் லாஸ்ட்" என்றால் வழி தெரியாமல் தொலைந்து போனோம். "கெட் லாஸ்ட்!" என்றால் அச்சு அசல் நம்முடைய "தொலைஞ்சு போ!" திட்டும் தொனி வரை ஒன்றுதான்.

கெட் டு என்பதும் காட் டு என்பதும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அர்த்தம் நேர் எதிர். "ஐ கெட் டு டிராவல்" என்றால் ஊர் சுற்ற வாய்ப்புக் கிடைக்கிறது, சந்தோஷம். "ஐவ் காட் டு டிராவல்" என்றால் போயே ஆக வேண்டும், கட்டாயம். வேலைக்கான நேர்காணலில் இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் ஆர்வமாகச் சொல்ல வந்தது அலுப்பாகக் கேட்கும். பேச்சில் 'காட் டு' சேர்ந்து 'காடா' என்று உருண்டு வருவதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், "ஐ காடா கோ" என்றால் நான் கிளம்பணும். அமெரிக்கர்கள் 'கெட் இட்' என்பதையும் நடுவில் உள்ள 'ட்' சத்தத்தை மென்மையாக்கி 'கெடிட்' என்றுதான் சொல்வார்கள்.

ஹேவ் காட் வேறு. "ஐவ் காட் எ கார்" என்றால் என்னிடம் கார் இருக்கிறது, அவ்வளவுதான், வாங்கின கதையெல்லாம் அதில் இல்லை. பிரிட்டிஷ் பேச்சில் இது மிகச் சாதாரணம், அமெரிக்கர்கள் "ஐ ஹேவ் எ கார்" என்பதை அதிகம் சொல்வார்கள். அமெரிக்காவில் இன்னொன்றும் உண்டு, காட்டன். புடவைக் காட்டன் இல்லை, காட் என்பதன் நீண்ட வடிவம். அவர்களுக்கு "ஐவ் காட் எ டிக்கெட்" என்றால் கையில் டிக்கெட் இருக்கிறது, "ஐவ் காட்டன் எ டிக்கெட்" என்றால் டிக்கெட் வாங்கியாயிற்று, இல்லை போலீஸ் அபராதச் சீட்டு கொடுத்துவிட்டது. இது அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை, இங்கிலாந்திலேயே முன்பு இருந்து பிறகு அங்கே வழக்கொழிந்த பழைய வடிவம். கெட் என்ற சொல்லே ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வந்ததுதான், வட ஐரோப்பியக் கடலோடிகளான வைகிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'கெதா'விலிருந்து.

புரிதலுக்கும் கெட் உண்டு. "காட் இட்" என்றால் புரிந்தது. "ஐ டோன்ட் கெட் இட்" என்றால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஃபோனில் சரியாகக் கேட்காதபோது நம் அலுவலகங்களில் "ஐ டின்ட் கெட் யூ சார்" என்பது ரொம்பவே புழக்கம். கேட்பவர் வெளிநாட்டுக்காரராக இருந்தால் "ஐ டின்ட் கேட்ச் தட்" என்பது நல்லது. லைனே கிடைக்கவில்லை என்றால் "ஐ குடின்ட் கெட் த்ரூ".

த்ரூ வந்ததால் சொல்கிறேன், இப்படிச் சின்னச் சொல் சேர்ந்து வருபவை ஏராளம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விழுங்க வேண்டாம். தினமும் தேவைப்படுகிற சிலதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "சம்பளம் எப்படிங்க, போதுதா?" என்று யாராவது கேட்டு, ஏதோ சமாளிக்கிறேன் என்று சொல்ல வேண்டுமா, "ஐம் கெட்டிங் பை". மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகிறது என்றால் "தே கெட் அலாங்". தப்புச் செய்துவிட்டு மாட்டாமல் நழுவிவிட்டான் என்றால் "ஹி காட் அவே வித் இட்". செய்யணும் செய்யணும் என்று நினைத்து நேரமே கூடிவராத வேலைக்கு ஒன்று இருக்கிறது, எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, "ஐ ஹேவன்ட் காட் அரவுண்ட் டு இட்". "பண்ணலை" என்று மொட்டையாகச் சொல்வதை விட இது எவ்வளவோ மரியாதை.

பழகுவதற்கு ஒரு வழி. ஆங்கிலத்தில் உள்ள ஏதாவது ஒரு சமையல் வீடியோவோ தொடரோ சப்டைட்டிலோடு போட்டுக்கொண்டு, கெட் வரும் இடத்தில் நிறுத்தி, அடுத்த சொல் என்ன வகை என்று மட்டும் பாருங்கள். அர்த்தம் தேட வேண்டாம், அது தானாக வரும். அப்புறம் உங்கள் வீட்டில் இன்று பேசிய தமிழ் வாக்கியங்களையே எடுத்து மாற்றிப் பாருங்கள், புத்தக வாக்கியங்களை விட அவை சீக்கிரம் மனதில் நிற்கும். இதெல்லாம் பேச்சுக்கும் நண்பர்களுக்கு அனுப்பும் செய்திக்கும்தான். வேலைக்கு விண்ணப்பமோ வங்கிக்குக் கடிதமோ எழுதும்போது "ஐ காட் யுவர் லெட்டர்" என்று ஆரம்பிக்காதீர்கள், அங்கே "ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்" என்பதுதான் மரியாதை. அலுவலக மெயிலில் "ஐ வில் கெட் பேக் டு யூ" மட்டும் எல்லோரும் எழுதுகிறார்கள், அது பரவாயில்லை.

கீழே உள்ளவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விடையைப் படியுங்கள். "மழை வரதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்." "ஃபேனை ரிப்பேர் பண்ணணும்." "கண்ணாடி போட்டுப் பழகிடுச்சு." "அண்ணனை வண்டியைக் கழுவ வச்சேன்."

முதலாவதில் ஹோம் இருப்பதால் டு இல்லை: "லெட்ஸ் கெட் ஹோம் பிஃபோர் இட் ரெய்ன்ஸ்." இரண்டாவதில் ரிப்பேர் செய்யப் போவது எலக்ட்ரீஷியன்: "வி நீட் டு கெட் த ஃபேன் ஃபிக்ஸ்ட்." நீங்களே ஸ்க்ரூடிரைவரோடு ஏணியில் ஏறப் போகிறீர்கள் என்றால் "ஐ நீட் டு ஃபிக்ஸ் த ஃபேன்." மூன்றாவது "ஐவ் காட் யூஸ்ட் டு வேரிங் கிளாஸஸ்", இங்கே டு பக்கத்தில் வினை 'இங்' போட்டு வருவதைக் கவனியுங்கள். நான்காவது, "ஐ காட் மை பிரதர் டு வாஷ் த பைக்." மிரட்டித்தான் கழுவ வைத்தீர்கள் என்றால் மேட் போட்டு, டு எடுத்துவிடுங்கள்.